கரையேறாதவள்

"நீ எறங்கிட்டியா? உன் வாயால சொல்லு."

பாய்க்கரை படகுத்துறையில் சோலைமலை என்னைக் கேட்ட கேள்வி இது. இரண்டு தடவை கேட்டார், வேறு வேறு நாளில். முதல் தடவை என்னால் பதில் சொல்ல முடிந்தது.

யாராவது எதையாவது கேட்டால் என் தொண்டைக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் "தஹ்சீன்" என்று பெயர் வாசித்தால், "உள்ளேன் டீச்சர்" என்று எனக்காகச் சொன்னது ரிஃபாத். என் மாமு மகள், என் வயதுதான். அம்மா மௌத்தான பிறகு நான் பேகம்பூரில் மாமு வீட்டில்தான் வளர்ந்தேன். ஒரே தட்டில் தின்று, ஒரே போர்வைக்குள் தூங்கினோம். பதினொன்றாம் வகுப்பில் அவளை வேறு பிரிவில் போட்டார்கள். எனக்காகச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே நான் வராதவள் ஆனேன். அந்த வருடமே படிப்பு நின்றது.

அவள் எனக்காகப் பேசியதற்குக் கணக்கே இல்லை. நான் அவளுக்காகப் பேசியது அந்தப் படகுத்துறையில்தான் முதல் தடவை.

பெருநாளுக்கு மறுநாள் மாமு எங்களைக் காரில் பாய்க்கரைக்குக் கூட்டிப்போனார். நிலக்கோட்டையைத் தாண்டி, மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலை ஆற்றில் போய் முட்டுகிற இடத்தில் இருக்கிறது அந்தச் சின்ன ஊர். ஒரு தெரு, ஒரு டீக்கடை, மீன் பொரிக்கும் தள்ளுவண்டிகள். தடுப்பணையால் ஆறு அங்கே அகன்று நிற்கும். சிறுமலைப் பக்கமிருந்து காற்று ஓயாமல் இறங்கும். அதனால்தான் பாய்ப்படகு. ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து போட்டி விடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ தண்ணீர் மேல் வேட்டிகளைக் காயப்போட்ட மாதிரி இருக்கும்.

நிக்காஹுக்கு முன்னால் அந்தப் படகில் ஒரு தடவை போய்விட வேண்டும் என்று ரிஃபாத்துக்கு ஆசை. நிக்காஹ் அடுத்த மாதம். மாப்பிள்ளை அக்மலுக்குக் கோயம்புத்தூரில் வேலை. முடிகிற வரைக்கும் அவனோடு போன் பேச்சு கூடாது என்பது நர்கீஸ் மாமியின் சட்டம்.

எங்களுக்குக் கிடைத்த படகு சோலைமலையுடையது. நாற்பது வயதுக்காரர், காதில் ஒரு இயர்போன், வாயில் பாக்கு. லைஃப் ஜாக்கெட்டை மாமுவின் தொப்பைக்கு மேல் இழுத்துக் கட்டியபடியே சொன்னார்.

"ஏறும்போது நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். எறங்கும்போது கேப்பேன். எறங்கிட்டேன்னு அவங்கவங்க வாயால சொல்லணும். ஒருத்தருக்கு இன்னொருத்தர் சொல்லக் கூடாது. கைப்பிள்ளைன்னா தாய் சொல்லலாம்."

"எம் பொண்டாட்டிக்கு நான் சொல்லக் கூடாதாப்பா?" என்றார் மாமு.

"வீட்டுல சொல்லிக்கங்க. இங்க வேணாம்."

"வீட்டுல மட்டும் இவரு சொல்லி நடந்துருச்சாக்கும்" என்றார் மாமி. சோலைமலை வாய்விட்டுச் சிரித்தார்.

"சொல்லலைன்னா என்னண்ணே ஆகும்?" ரிஃபாத் விடவில்லை.

"ஒண்ணும் ஆகாது தாயி. ஆத்துக்குத் தெரியாது, அம்புட்டுதான். ஏத்திக்கிட்டுப் போன ஆள் எறங்கியாச்சான்னு அதுக்குத் தெரியணும்ல?"

சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

நடு ஆற்றில் சத்தம் எதுவும் இல்லை. பாய் காற்றைப் பிடித்த பிறகு படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடியது. பலகைக்கு அடியில் தண்ணீர் நாக்குச் சப்புவது போல ஒரு ஒலி. பாசி வாடை. ரிஃபாத் முன்பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, காற்றுக்கு முகத்தைக் கொடுத்திருந்தாள். அவளுடைய பச்சை துப்பட்டா பின்னால் உப்பி நின்றது.

திரும்பியபோது வெயில் சாய்ந்துவிட்டது. கயிறு கட்டும் முன்பே ரிஃபாத் கரைக்குத் தாவினாள். அவள் கைக்குள் போன் அதிர்ந்துகொண்டிருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். என் விரலை ஒரு நசுக்கு நசுக்கி, "சமாளிடி" என்று கிசுகிசுத்துவிட்டு, பாய்கள் மடித்துவைக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஓடினாள்.

சோலைமலை எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று பாயைச் சுருட்டினார். கேட்கிறபோது ஆட்களைப் பார்க்கக் கூடாதாம்.

"எறங்கிட்டேன்ப்பா" என்றார் மாமு.

"எறங்கியாச்சு" என்றார் மாமி.

அடுத்தது நான். வழக்கம்போலக் கதவு சாத்திக்கொண்டது. அப்போதுதான் அவர் கேட்டார், நீ எறங்கிட்டியா, உன் வாயால சொல்லு என்று. எப்படியோ ஒரு முனகலாக வந்தது. எறங்கிட்டேன்.

"இன்னொரு பிள்ளை?"

மாமி திரும்பத் தொடங்கினார். "ரிஃபாத் எங்க?"

கொட்டகைக்குப் பின்னாலிருந்து அவளுடைய சிரிப்பு காற்றில் வந்துவிடும் போலிருந்தது. மாமி பார்த்தால் போனைப் பிடுங்கி ஆற்றில் எறிவார். நான் மாமியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். பேசாதவர்களுக்குக் காது கூர்மை. ரிஃபாத்தின் குரல் எனக்கு என் குரலைவிட நன்றாகத் தெரியும், மெல்லிசாக, முடிவில் சிரிப்பு ஒட்டிக்கொண்டு வரும் குரல்.

"எறங்கிட்டேன், எறங்கிட்டேன்."

மாமி சமாதானமாகி மாமுவோடு காரை நோக்கி நடந்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சோலைமலையின் கை கயிற்றில் நின்றது. பிறகு, திரும்பாமலே, முடிச்சைப் போட்டார்.

எங்களோடு காரில் வீடு திரும்பிய ரிஃபாத், மறுநாள் காலை சோபாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். இடது கையால் சோபா விளிம்பைப் பிடித்திருந்தாள். வலது கையில் கண்ணாடி டம்ளர். நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. எது என்று உடனே பிடிபடவில்லை.

டம்ளரை அவள் நேராகத்தான் பிடித்திருந்தாள்.

உள்ளே டீ சாய்ந்து நின்றது.

ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, மறுபக்கம் பாதிக்குக் கீழே இறங்கி. ஒரு சொட்டும் சிந்தவில்லை. நான் கத்தியைக் கீழே வைத்தேன். டீ மெதுவாக மறுபக்கம் சாய்ந்தது. அவளும் அதோடு சேர்ந்து சாய்ந்தாள்.

"என்னடி ரிஃபாத்?"

என்னைப் பார்த்தாள். நடு ஆற்றிலிருந்து கரையில் நிற்கிற ஆளை அடையாளம் தெரியாமல் பார்ப்பார்களே, அப்படி.

அன்றிலிருந்து அவள் பேசவில்லை. கொடுத்தால் தின்றாள், படு என்றால் படுத்தாள். நடக்கும்போது சுவரைப் பிடித்து, காலை அகட்டி அகட்டி வைத்தாள். படுத்து எழுந்த இடத்தில் பாசி வாடை அடித்தது. துவைத்து வெயிலில் போட்டாலும் அவள் தலையணை காயவில்லை. ஒரு மத்தியானம் கரண்ட் போய், ஜன்னலெல்லாம் சாத்தியிருந்த அறையில் புழுங்கிக்கொண்டு கிடந்தோம். என் நெற்றியில் வேர்வை வழிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிஃபாத்தின் பச்சை துப்பட்டா மெல்ல எழும்பி, உப்பி, பின்னால் நீண்டது.

காற்று இல்லை.

துப்பட்டா படபடவென்று அடித்துக்கொண்டது.

மாமி அதைப் பார்க்கவில்லை. பார்த்ததையும் வேறு மாதிரி புரிந்துகொண்டார். "கல்யாணக் களை வந்தா இப்பிடித்தான். நானும் ஒரு மாசம் வாயத் தொறக்கல" என்றார். "அப்ப விட்டதுக்கும் சேத்து இப்பப் பேசுற" என்றார் தோல் மண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாமு. ஆனாலும் மாமிக்கு உள்ளூரக் கலக்கம்தான். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கிவந்தார். ரிஃபாத் வாங்கிய டம்ளரில் அந்தத் தண்ணீரும் சாய்ந்தது. நான் குறுக்கே நின்று மறைத்துக்கொண்டேன்.

நான் சொல்லியிருக்கலாம். நான்தான் மாமி, அவளுக்காக நான்தான் சொன்னேன் என்று. ஒவ்வொரு காலையும் சொல்லத்தான் எழுந்தேன்.

ஒரு நாள் மாமி மாடியில் துணி எடுக்கப் போயிருந்தபோது ரிஃபாத்தின் போன் அதிர்ந்தது. அக்மல். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நின்றது. திரும்ப அதிர்ந்தது. திரும்பவும். பெண்ணுக்கு விருப்பமில்லை என்று நினைத்துவிட்டால்? சம்பந்தம் முறிந்தால் அதுவும் என்னால்தான் என்று தோன்றியது. போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன்.

"ஹலோ" என்றேன், அவள் குரலில்.

"என்ன, மாமியார் ஜெயில்ல இருந்து ஜாமீன் கெடச்சிருச்சா?" என்றான்.

நான் சிரித்தேன். அவள் சிரிப்பு. பிறகு பேசினேன். என்னால் அவ்வளவு பேச முடியும் என்று எனக்கே தெரியாது. கதவு இல்லை, தாழ் இல்லை, வார்த்தை தானாக வந்தது. சம்பந்தம் முறியக்கூடாது என்பதற்காகத்தான் முதல் நாள் பேசினேன். அடுத்தடுத்த நாள் எதற்காகப் பேசினேன் என்று என்னிடம் கேட்டால், சொல்ல எனக்கு வாய் இல்லை.

குளியலறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் ரிஃபாத் கதவுக்கு நேரே, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காலடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருக்கும். ஆற்றுத் தண்ணீர், கலங்கலாக.

நிக்காஹ் நெருங்கியது. ஒரு இரவுச் சாப்பாட்டில் மாமு சொன்னார். "அன்னைக்கு சாட்சிக்காரங்க வந்து சம்மதமான்னு கேப்பாக. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லிருத்தா. வெக்கத்துல பேசாம இருந்தா அதையே சம்மதம்னு எடுத்துக்குவாக, இருந்தாலும் சொல்றதுதான் அழகு."

ரிஃபாத் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவள் தட்டில் குழம்பு ஒரு ஓரமாக ஏறி நின்றது.

"இவ சொல்லாட்டி என்ன?" என்று மாமி சிரித்தார். "தஹ்சீன் பக்கத்துல ஒக்காந்து சொல்லிருவா. கொஞ்ச நாளா ரெண்டு பேருக்கும் ஒரே குரலா இருக்கு, கவனிச்சீகளா? அடுப்படியில இருந்து யாரு கூப்புடுறான்னே எனக்குத் தெரியல."

நான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன்.

நிலக்கோட்டையில் நிக்காஹுக்கு மல்லிகை சொல்லிவிட்டு வருகிறோம் என்று மறுநாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் கூட்டமில்லை. வளைவுகளில் எல்லோரும் இடப்பக்கம் சாய்ந்தபோது ரிஃபாத் மட்டும் வலப்பக்கம் சாய்ந்தாள். நிலக்கோட்டையில் பூ மூட்டைகளுக்கு நடுவே நின்று மினி பஸ் பிடித்தோம். மல்லிகை வாசம் மூக்கை அடைத்தது. அதற்கு அடியில், அவளிடமிருந்து, பாசி.

துறையில் ஆட்கள் இல்லை. சோலைமலை கொட்டகை வாசலில் கிழிந்த பாய் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்தார்.

"அன்னைக்குக் கேட்டது நாலு குரல்" என்றார். "காலடி மூணு பேரு நின்ன மாதிரிதான் இருந்துச்சு. எனக்குச் சந்தேகம்தான். இருட்டிக்கிட்டு வந்துச்சு, இன்னொரு கூட்டம் காத்துக்கிட்டு இருந்துச்சு. திரும்பிக் கேக்காம விட்டுட்டேன். எம் மேலயும் தப்பு."

தண்ணீர்ப் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தக் கூட்டத்தோட சரி, அதுக்கப்புறம் அந்தப் படகுல யாரையும் ஏத்தல. காலிப் படகு. எப்பிடி நிக்குது பாரு."

மற்ற படகுகளெல்லாம் மிதவையில் நேராக ஆடிக்கொண்டிருந்தன. அந்தப் படகு மட்டும் முன்பக்கம் தாழ்ந்து நின்றது.

முன்பலகையில் யாரோ உட்கார்ந்திருப்பது போல.

"என்ன செய்யணும்ண்ணே?" என்றேன்.

"எனக்கு என்ன தெரியும்? எங்க அய்யா காலத்துல இப்பிடி ஆனதில்ல. யாரும் யாருக்காகவும் சொன்னதில்ல." எழுந்தார். "ஏறுங்க. திரும்பப் போயிட்டு வருவோம். அந்தப் பிள்ளை வாயால அதுவே சொல்லட்டும்."

ரிஃபாத் ஏறினாள். படகு கொஞ்சமும் தாழவில்லை. நான் ஏறியபோதுதான் தாழ்ந்தது.

முன்பலகையில் ஈரமாக ஒரு தடம் இருந்தது, ஆள் உட்கார்ந்த அகலத்துக்கு. விளிம்பில் இரண்டு கைகளின் ஈரம். ரிஃபாத் நேரே போய் அந்தத் தடத்தின் மேலேயே உட்கார்ந்தாள். அந்தக் கைகளின் மேலேயே கை வைத்தாள். எல்லாம் அளவாகப் பொருந்தியது.

காலை வெயில் சுள்ளென்று அடித்தது. காற்று செத்துக் கிடந்தது. சோலைமலை பாயை விரித்தார். அது சுருங்கித் தொங்கியது.

பச்சை துப்பட்டா எழுந்தது.

உப்பியது.

படகு நகர்ந்தது.

சோலைமலை சுக்கானைத் தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்து ஏதோ சாமி பெயர் சொன்னார். துப்பட்டா இழுத்த இழுப்பில் படகு நடு ஆற்றுக்குப் போய், ஒரு இடத்தில் நின்றது. பலகைக்கு அடியில் அந்த நாக்குச் சப்பும் ஒலி. அதற்கும் அடியில், மெல்லிசாக, ஒரு பெண்ணின் குரல்.

எறங்கிட்டேன், எறங்கிட்டேன்.

ரிஃபாத்தின் குரல். இல்லை. நான் செய்த ரிஃபாத்தின் குரல். முடிவில் ஒட்டியிருந்த சிரிப்பில் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. அது ஒரு சுற்று சுற்றி என் பக்கமாக வந்து, என் காலுக்கு நேர் கீழே நின்றது.

பிறகு படகு தானாகவே கரைக்குத் திரும்பியது.

இறங்கினோம். சோலைமலை முதுகைக் காட்டி நின்றார். பாயைச் சுருட்டத் தொடங்கினார்.

"தாயி, நீ எறங்கிட்டியா? உன் வாயால சொல்லு."

ரிஃபாத்தின் தொண்டை ஏறி இறங்கியது. பல நாள் திறக்காத பெட்டியைத் திறப்பது போல ஒரு கரகரப்பு.

"எறங்கிட்டேன்."

அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. அவளுடையதேதான். பின்னால் படகின் முன்பக்கம் ஒரு பெருமூச்சோடு மேலே எழுந்து நேரானது. ரிஃபாத் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டாள். காலைச் சேர்த்து வைத்து, மண்ணை மிதித்துப் பார்த்தாள். "ஏண்டி தஹ்சீன், எம்புட்டு நேரமா கூப்புட்டுக்கிட்டு இருந்தேன்? கரையில நின்னுக்கிட்டு எல்லாரும் கார்ல ஏறிப் போறீக. என்னைய ஒருத்தரும் திரும்பிப் பாக்கல" என்றாள். அவள் கண்ணில் நீர் கட்டியது. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அப்போது அவள் பையிலிருந்த போன் அடித்தது. எடுத்தாள். காற்று இல்லாததால் அக்மலின் குரல் எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"என்னம்மா, நேத்து அம்புட்டு நேரம் பேசிட்டு இன்னைக்கு ஒரு மெசேஜ்கூட இல்ல? தெனமும் உன் குரல் கேக்காட்டி இப்ப என்னமோ மாதிரி இருக்கு தெரியுமா?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, அதில் பேசிய அழைப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நாள் நாளாக. பிறகு என் தோளில் இருந்த தன் கையை எடுத்துக்கொண்டாள்.

"இன்னொரு பிள்ளை" என்றார் சோலைமலை, முதுகைத் திருப்பாமல். "நீ எறங்கிட்டியா? உன் வாயால சொல்லு."

"எறங்கிட்டேன்" என்றேன்.

மெல்லிசாக, முடிவில் சிரிப்போடு வந்தது.

அவர் கை நின்றது. "அது வேணாம். உன் குரல்ல."

என் குரலைத் தேடினேன். டீச்சர் பெயர் வாசித்தபோது வராத அந்தக் குரலை. அன்று இதே இடத்தில் முனகலாகவாவது வந்ததை. தொண்டைக்குள் கதவு இல்லை. அதற்குப் பின்னால் இருந்த ஆளும் இல்லை.

"எறங்கிட்டேன், எறங்கிட்டேன்."

பின்னால் பலகை கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். காலிப் படகின் முன்பக்கம் மெதுவாக, மிக மெதுவாக, தாழ்ந்துகொண்டிருந்தது.

நான் ரிஃபாத்தைப் பார்த்தேன். ஒருவருக்காக இன்னொருவர் சொல்லக் கூடாது என்று தெரியும். தெரிந்தும் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பெஞ்சிலிருந்து பார்ப்பேனே, அதே பார்வை. அதைப் பார்த்து அவள் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை.

அவள் கீழே கிடந்த செருப்பை மாட்டினாள். பச்சை துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டாள். அது அசையாமல் கிடந்தது. என் காலுக்கு அடியில் மண் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழாமல் இருக்கக் காலை அகட்டி வைத்தேன்.

மேலே சாலையில் மினி பஸ் ஹாரன் அடித்தது. ரிஃபாத் படியேறி, கொட்டகையைத் தாண்டி, பஸ்ஸில் ஏறிப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை.